செயின் சா புகை: எரிபொருளிலிருந்தே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, கீரிப்பாறை பக்கங்களில் ரப்பர் மறுநடவுக்காக மரம் முறிக்கும் தோட்டங்களில் செயின் சா சத்தம் கேட்காத நாள் குறைவு. 25, 30 வருடம் பால் தந்த மரத்தை மண்ணை ஒட்டி அறுப்பது, தடியை அளவு பார்த்துத் துண்டு போடுவது, கிளையை விறகுக்கு ஒதுக்குவது எல்லாம் இந்த மிஷினால்தான் நடக்கிறது. மரம் சாய்ந்து ஆள் அடிபட்டால் செய்தி வருகிறது, செயின் தெறித்துக் காலில் பட்டாலும் வருகிறது. காலையிலிருந்து மாலை வரை அதன் புகையை மூச்சில் இழுப்பவருக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. புகையைப் பெருமளவு சுத்தமாக்கும் எரிபொருள் உலகில் பல வருடங்களாக இருக்கிறது. அது நம் மாவட்டத்துக்கு வர வேண்டும், வரும்வரை கையில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

செயின் சாவும் புல் வெட்டும் மிஷினும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை உள்ளே வரும் துளையும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு வரும் புதுப் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். பழைய வகை மிஷின்களில் இந்த இழப்பு நாலில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேல். பைக்கின் புகைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். செயின் சா ஓட்டுபவர் புகையோடு சேர்த்துப் பெட்ரோல் ஆவியையும் சுவாசிக்கிறார், அதுவும் முகத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில்.

அந்தப் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ் 6 தரத்தின்படி, பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரையும், டொலுவீன், சைலீன் முதலியவற்றையும் சேர்த்த அரோமாட்டிக் சேர்மங்கள் 35 சதவீதம் வரையும் இருக்கலாம். உச்ச வரம்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டரில் 10 மில்லி பென்சீன். நாள் முழுக்க மரம் அறுத்து 4 லிட்டர் தீர்த்தால் 40 மில்லி. அதில் கால் பங்கு எரியாமல் வந்தால் 10 மில்லி பென்சீன் ஆவியாகி, அறுப்பவரைச் சுற்றியுள்ள காற்றில் கலக்கிறது. பென்சீன் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது மருத்துவ உலகம் எப்போதோ உறுதி செய்த விஷயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2025-ல் வாகனப் பெட்ரோலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

மாற்று எரிபொருளின் பெயர் ஆல்கைலேட் பெட்ரோல். சுத்திகரிப்பு ஆலையில் ஐசோபியூட்டேன் வாயுவையும் பியூட்டீன் போன்ற வாயுக்களையும் அமிலத்தின் உதவியால் இணைத்துத் திரவமாக்கினால் இது கிடைக்கும். வாயுவிலிருந்து கட்டி எடுப்பதால், கச்சா எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் பென்சீன் இதில் வந்து சேர்வதில்லை. பென்சீன் 0.1 சதவீதத்துக்கும், மொத்த அரோமாட்டிக் 1 சதவீதத்துக்கும் கீழே நிற்கும். கந்தகம் மிகச் சொற்பம், எத்தனால் கிடையாது. ஸ்வீடனில் 1980-களின் இறுதியிலிருந்தே காட்டுத் தொழிலாளர்கள் இதை ஊற்றுகிறார்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு வேண்டிய ஆயிலை 50-க்கு 1 என்ற அளவில் ஆலையிலேயே கலந்து, மூடி முத்திரையிட்ட கேனில் விற்கிறார்கள். வாங்கி, திறந்து, ஊற்றினால் போதும். முன்னே சொன்ன கணக்கை இதற்குப் போட்டால் 10 மில்லி பென்சீன் 1 மில்லிக்கும் கீழே இறங்கிவிடும்.

இது ஏதோ நம்மால் செய்ய முடியாத சரக்கு என்று எண்ண வேண்டாம். ஜாம்நகரிலும் பாரதீப்பிலும் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளில் ஆல்கைலேட் தயாரிக்கும் யூனிட்டுகள் இருக்கின்றன. அங்கே வருவதைச் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் தரத்தை, அதாவது இன்ஜினில் தட்டல் இல்லாமல் எரியும் திறனை, உயர்த்த அதிலேயே கலந்துவிடுகிறார்கள். கையில் மிஷின் பிடிப்பவருக்கென்று அதில் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்துக் கேனில் அடைப்பதுதான் மிச்சமுள்ள வேலை.

ஆல்கைலேட்டால் தீராத ஒன்றையும் சொல்ல வேண்டும். கார்பன் மோனாக்சைடு எந்தப் பெட்ரோலிலும் வரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நெற்றிப் பொட்டில் வலி, தலைச்சுற்று, குமட்டல், கால் தளர்ச்சி என்று தொடங்கும். வெயில் கொண்டது, காலையில் சாப்பிடாதது என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி மிஷினைத் தூக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. சுத்தமான காற்றில் இருந்தாலும் ரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்கவே 4, 5 மணி நேரம் ஆகும். மதியம் வந்த தலைவலியோடு மாலை வரை அறுத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல் நுனி ஆக்சிஜன் மீட்டரை இதற்கு நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே எடுத்துக்கொண்டு 98 என்று காட்டும். குமட்டலோ மயக்கமோ வந்தால் மிஷினை நிறுத்தி, ஆளைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்க வேண்டும். 'செயின் சா புகை' என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். துணி மாஸ்கும் என்95 மாஸ்கும் தூளைத்தான் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது.

புகையில் கார்பன் மோனாக்சைடு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் கையில் இருக்கிறது. காற்றுக்கு மிஞ்சிப் பெட்ரோல் போனால் கூடும். ஏர் ஃபில்டர் அடைத்தாலும் அதே கதைதான். பச்சை ரப்பர் மரத்தின் தூள் ஈரத்தோடு பிசுபிசுவென்று ஃபில்டரில் அப்பும். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் தட்டி, சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைக்க வேண்டும். கழுவக்கூடாத வகை ஃபில்டரானால் மாற்றியே ஆக வேண்டும். ஸ்பார்க் பிளக் இடைவெளி பெரும்பாலான மிஷின்களுக்கு 0.5 மில்லிமீட்டர். சைலன்சர் வாயிலுள்ள கம்பி வலையில் கரி அடைத்திருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்புவது வீண் வேலை. பவர் கூடும் என்று சைலன்சரில் துளை போட்டுத் தருவதும் நடக்கிறது. வலையைத் தாண்டித் தீப்பொறி வெளியே வரும், புகையின் திசை மாறி முகத்துக்கு அடிக்கும். தயவுசெய்து செய்ய வேண்டாம்.

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் எரிபொருளுக்கு வருவோம். 2025-க்குள் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது (இ20) நடைமுறைக்கு வந்துவிட்டது. கையால் டியூன் செய்யும் கார்புரேட்டர் உள்ள செயின் சாக்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றுதான் கம்பெனிகளின் கையேடுகள் சொல்கின்றன. தானாக டியூன் செய்துகொள்ளும் மின்னணு கார்புரேட்டர் உள்ள சில மாடல்கள் மட்டும் கூடுதலைத் தாங்கும். காரணம் எளிது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20 ஊற்றினால் அதே காற்றுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் போக வேண்டும். அது போகாவிட்டால் மிஷின் 'பெட்ரோல் கம்மி'யில் ஓடிச் சூடாகும். எத்தனால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் சவ்வையும் பெட்ரோல் டியூபையும் ஊற வைத்து இறுக்கமாக்கிவிடும். சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாது, ஐடிலில் நிற்காது, முழு ஆக்சிலேட்டரில் திடீரென்று கத்தும் என்று வரும் மிஷின்களில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஈரம் இன்னொரு தொல்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும், இன்ஜினுக்காகக் கலந்த டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். செயின் சா டேங்கில் ஃபில்டர் கனம் வைத்து அடியில் கிடப்பதால், மிஷின் முதலில் உறிஞ்சுவது ஆயிலே இல்லாத அந்தத் தண்ணீரைத்தான். பிஸ்டனும் சிலிண்டரும் கீறிப் பிடித்துக்கொள்வதற்கு அது போதும். மழைக்காலத்தில் கேனிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு இரவு வைத்துப் பாருங்கள். அடியில் கோடு விழுந்தால் அந்தக் கலவையை மிஷினில் ஊற்றக் கூடாது.

எத்தனால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள 100 மில்லி அளவுக் குழாய் ஒன்று போதும். 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி ஆயில் கலக்காத பெட்ரோல். மூடிக் குலுக்கி 10 நிமிடம் வையுங்கள். எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு இறங்கிவிடும். அடிப்படலம் 10-லிருந்து 27, 28 வரை ஏறினால் அது இ20. திறந்த வெளியில், தீயும் பீடியும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய சோதனை இது. தண்ணீரால் கழுவி எத்தனாலை எடுத்துவிட்டு அந்தப் பெட்ரோலையே ஊற்றலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. ஆக்டேன் குறைந்து, ஈரமும் மிஞ்சி நிற்கும் அந்தப் பெட்ரோல் மிஷினுக்கு ஆகாது.

ஆயில் கலப்பதில்தான் நம் பக்கத்தில் பிழை மிக அதிகம். 'ஆயில் கூடினால் மிஷினுக்கு நல்லது' என்று மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறார்கள். கூடிய ஆயில் எரியாமல் நீலப் புகையாக வந்து நெஞ்சில் இறங்கும், பிளக்கிலும் சைலன்சரிலும் கரி கட்டும். ஆயில் பிடித்த இடத்தில் பெட்ரோல் குறைவதால் மிஷின் சூடும் ஏறும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100 மில்லி. 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25. 25-க்கு 1 என்றால் 40. உங்கள் மிஷினுக்கு எது என்று கையேட்டில் இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டால் அளவு தவறாது. கேனில் பாதிப் பெட்ரோல், அதில் ஆயில், நன்றாகக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல். கலந்ததை 30 நாளைக்கு மேல் வைக்க வேண்டாம்.

டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற தரக்குறி உள்ள ஆயிலை வாங்குங்கள். குறைந்த புகைக்கும் குறைந்த கரிக்கும் சோதித்த தரம் அது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வள்ளங்களின் அவுட்போர்டு மோட்டாருக்கு வாங்கும் டிசி டபிள்யூ 3 ஆயிலை மலிவாகக் கிடைக்கிறதென்று மலைப்பக்கம் கொண்டுவந்து செயின் சாவில் ஊற்றுகிறார்கள். கடல் தண்ணீரால் குளிரூட்டப்படும் இன்ஜினுக்குச் செய்த ஆயில் அது. காற்றால் மட்டும் குளிரும், நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் செயின் சாவின் சூட்டை அது தாங்காது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் சேர்ப்பது அதைவிட மோசம். புகையும் கூடும், பிஸ்டனும் போகும்.

செயினுக்கு ஊற்றும் ஆயிலும் மூச்சில் போகிறது என்பது பலர் எண்ணிப் பார்க்காதது. ஒர்க் ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலைச் செயின் டேங்கில் ஊற்றுவது இங்கே சர்வ சாதாரணம். செயின் ஓடும் இரும்புப் பட்டையின் நுனியில் அது திரும்பும் வேகத்தில் ஆயில் நுண்துளியாகத் தெறித்துச் சட்டை, கை, முகம் எல்லாம் படுகிறது. பழைய ஆயிலில் எரிந்த கரியிலிருந்து வரும் புற்றுநோய்ச் சேர்மங்களும் உலோகத் தூளும் உண்டு. ஆயில் பம்பும் அடைக்கும். செயினுக்கென்றே வரும் ஆயிலை ஊற்றுங்கள். தாவர எண்ணெய் ஊற்றுபவர்கள் மிஷினை வாரக்கணக்கில் சும்மா வைக்கும்முன் டேங்கைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பிசினாகப் பிடித்துவிடும்.

அறுக்கும் இடத்தில் செய்யக்கூடியதும் உண்டு. பெரும்பாலான செயின் சாக்களில் சைலன்சர் முன்பக்கம், புகைவாய் முன்னோக்கியோ வலதுபுறமோ இருக்கும். காற்று நம் முதுகிலிருந்தோ இடது தோள் பக்கமிருந்தோ வரும்படி நின்றால் புகை விலகிப் போகும். ரப்பர் தோட்டத்தில் தடி வாங்குபவர்கள் ஒரு சாண் கட்டைகூட வீணாகக் கூடாது என்று மண்ணோடு ஒட்டி அறுக்கச் சொல்கிறார்கள். அறுப்பவர் குனிந்து புகைக்குள்ளேயே முகத்தை வைக்க வேண்டியிருக்கிறது. காற்றசையாத காலை நேரத்தில், மேலே இலை மூடிய சரிவில், அந்த அடிவெட்டுகளை அடுத்தடுத்துச் செய்யாமல் இடையில் கிளை கழிக்கும் வேலையைப் போட்டு மாற்றிச் செய்யலாம். கிணறு, குழி, மூடிய ஷெட் எதற்குள்ளும் பெட்ரோல் மிஷினை இறக்கவே கூடாது. கரண்டு உள்ள தடி டிப்போவில் எலெக்ட்ரிக் செயின் சா போதும், அங்கே புகையே தேவையில்லை. விறகு பொறுக்க வரும் பெண்களையும் பிள்ளைகளையும் மரம் விழும் ஆபத்துக்காக எட்ட நிறுத்துகிறோம். புகைக்காகவும் நிறுத்த வேண்டும்.

பெட்ரோலை டியூப் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதை விட்டுவிட வேண்டும். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே கடும் அழற்சி வரும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் பிடித்த ரப்பர் பாலையும் கிரீஸையும் பெட்ரோலில் கழுவாதீர்கள், பென்சீன் தோல் வழியாகவும் ஏறும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துச் சோப்புப் போட்டால் போய்விடும்.

ஆல்கைலேட் கைக்கு வரும் நாளில் மெக்கானிக்குகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வருடக்கணக்கில் சாதாரணப் பெட்ரோலில் ஊறிப் பருத்த பழைய ரப்பர் டியூபும் சீலும், அரோமாட்டிக் இல்லாத எரிபொருளில் சுருங்கி ஒழுகத் தொடங்கும். பழைய மிஷினானால் டியூப், ஃபில்டர், டயாஃப்ரம் மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இ20-க்காக, முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவை வைக்கும் கார்புரேட்டரின் எச் ஸ்க்ரூவைத் திறந்து வைத்திருந்தால் அப்படியே விடக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத ஆல்கைலேட்டுக்கு அது அளவு மிஞ்சிப்போய், பென்சீன் குறைந்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு கூடிவிடும். காதால் கேட்டு டியூன் செய்யாமல் சுற்று அளக்கும் டாக்கோமீட்டர் வைத்து, கையேட்டில் உள்ள அதிகபட்ச ஆர்பிஎம்முக்குள் (நிமிடச் சுற்றுக்குள்) நிறுத்த வேண்டும்.

விலை ஒரு தடை என்பது தெரியும். வெளிநாடுகளில் இது பங்க் பெட்ரோலைவிட இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகிறது. நம் ஊரில் பல இடங்களில் மிஷினோடும் பெட்ரோலோடும் சேர்த்துத்தான் கூலி பேசுகிறார்கள். நல்ல எரிபொருள் ஊற்றினால் செலவு தொழிலாளியின் கையிலிருந்தே போகும். அதனால் எரிபொருளைக் கூலியிலிருந்து பிரித்து, மரம் எடுக்கும் வியாபாரியோ தோட்ட உரிமையாளரோ கொடுக்க வேண்டும். அரசு ரப்பர் கழகம் மரம் முறிக்க ஒப்பந்தம் விடும்போது இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தாலே மற்றவர்கள் பின்னால் வருவார்கள். ஜெர்மனியில் தரச்சான்று பெற்ற காடுகளில் இப்படித்தான் நடைமுறைக்கு வந்தது.

முதலில் கொண்டுவர வேண்டிய இடம் தீயணைப்பு நிலையங்களும் மின்வாரியமும் நெடுஞ்சாலைத் துறையும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க ரப்பரும் தென்னையும் பலாவும் சாலையில் விழுந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மாதக்கணக்கில் சும்மா இருந்த மிஷினை எடுக்கும் அந்த நேரத்தில்தான் டேங்கில் பழைய பெட்ரோல் கெட்டிருக்கும், கார்புரேட்டர் அடைத்திருக்கும். மூடிய கேனில் இருக்கும் ஆல்கைலேட் கலவை இரண்டு வருடத்துக்குக் குறையாமல் கெடாது. நிலையத்துக்கு 5 லிட்டர் கேன் இரண்டு இருந்தால் புயலன்று இழுத்ததும் ஸ்டார்ட் ஆகும்.

எண்ணெய் நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது, ஆல்கைலேட் கலவையை 1 லிட்டர், 5 லிட்டர் உலோகக் கேன்களில் அடைத்து, உரிமம் உள்ள பெட்ரோல் பங்க்குகள் வழியாகக் குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலுமாவது விற்றுப் பார்க்க வேண்டும் என்பது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். உலோகப் பாத்திரமானால் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்குள், கண்ணாடியானால் 1 லிட்டருக்குள் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலில் பெட்ரோல் கேட்டு பங்க் ஊழியரிடம் வாக்குவாதம் செய்யும் நிலைமையும் இப்படிக் கேனில் விற்றால் தீரும். அதுவரை ஒவ்வொரு பங்கிலும் பெட்ரோல் குழாயின் மேல் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதி ஒட்ட மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
மரம் அறுப்புத் தொழிலாளர்கள், மிஷின் பழுதுபார்ப்போர் சிலர்,
குலசேகரம் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.